விட்டுவிட்டு அறுந்துபோகும் நெட்வொர்க்: ரீசெட் பட்டனைத் தொடும் முன்

பெங்களூரு பீன்யாவில் ஒரு மெஷின் ஷாப். அங்கே சுவரில் மாட்டியிருந்த எங்கள் கேட்வே பெட்டி (மெஷின்களின் டேட்டாவை நெட்வொர்க்குக்கு அனுப்பும் சின்ன கம்ப்யூட்டர்), நாளைக்கு இரண்டு மூன்று முறையாவது நெட்வொர்க்கை விட்டுவிடும். ஷிப்ட் பார்க்கிற சேலத்துத் தம்பி, "அண்ணே, ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சரியாயிடுது, இதுக்கு ஏன் அலையுறீங்க?" என்றார். சரியாகத்தான் ஆனது. ஆனால் அவர் ஆஃப் செய்த ஒவ்வொரு முறையும், எங்களுக்கு வேண்டிய தடயமும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்தது.

இந்த வேலையில் நடக்கிற தவறுகளில் பெரியது இதுதான். சின்ன லினக்ஸ் போர்டுகள் பலவற்றில், ஃப்ளாஷ் தேய்ந்துவிடக் கூடாதென்று லாக்கை (நடந்ததையெல்லாம் குறிக்கும் பதிவை) ராமில் வைத்திருப்போம். கரண்ட் போனால் லாக்கும் போச்சு. அதனால் ரீசெட்டுக்கு முன்னால் சீரியல் கன்சோலில் (நெட்வொர்க் இல்லாமலே தனி கேபிளில் பெட்டிக்குள் போகும் வழி) நுழைந்து, கெர்னல் லாக், இன்டர்ஃபேஸின் எரர் கணக்கு, ஐபி முகவரி, ஆர்ப் டேபிள் (எந்த ஐபி எந்த மேக் முகவரிக்கு என்ற பட்டியல்) எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். பெட்டியில் லிங்க் விளக்கு எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்றும் எழுதுங்கள். பேட்டரியோடு கடிகாரச் சிப் இல்லாத போர்டு 1970 ஜனவரி 1 என்று தேதி காட்டலாம். ஆகவே உங்கள் கைக்கடிகார நேரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க் போனால் தானாக ரீபூட் ஆகும்படி வாட்ச்டாக் (பெட்டியைக் கண்காணிக்கும் காவல்காரன்) வைப்பதும் இதே தவறுதான். காரணம் தெரிந்த பிறகு வையுங்கள், தப்பில்லை.

அடுத்து, "பிங் போகுது, நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு கட்டுவது. பிங் என்பது எதிர்ப்பக்கம் பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை; லினக்ஸில் அது சாதாரணமாக 56 பைட் டேட்டாதான் அனுப்பும். அளவை 1472 (சாதாரண ஈதர்நெட்டில் ஒரே பாக்கெட்டில் அடங்கும் அதிகபட்சம்) ஆக்கிச் சில ஆயிரம் முறை அனுப்பிப் பாருங்கள். ஸ்விட்ச் போர்ட்டை யாரோ 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (100 எம்பிபிஎஸ், ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்யும்) என்று கையால் பூட்டியிருப்பார்கள், நம் பெட்டி ஆட்டோவில் (எதிர்ப்பக்கத்தோடு பேசி முடிவெடுக்கும் முறை) இருக்கும். பேச எதிர்ப்பக்கம் ஆளில்லாததால் ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் அனுப்புவது அல்லது பெறுவது மட்டும்) போய்விடும். சின்ன பிங் தடையில்லாமல் போகும், ஃபைல் அனுப்பினால் நொண்டும். பெட்டியில் லேட் கொலிஷனும் (தாமதமாக நடக்கும் மோதல்) ஸ்விட்சில் சிஆர்சி எரரும் (சிதைந்து வந்த பாக்கெட்) ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

ஒரே இமேஜை எல்லா போர்டிலும் ஏற்றி, மேக் முகவரியை (ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் தனியாக இருக்க வேண்டிய எண்) மாற்ற மறப்பதும் உண்டு. இரண்டு பெட்டி ஒரே நெட்வொர்க்கில் இருந்தால் மாறி மாறி விழும். சரியான இடைவெளியில் விழுகிறதென்றால் டிஎச்சிபி லீஸை (ஐபி முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் கடனாகத் தரும் ஏற்பாடு) பாருங்கள். புதுப்பிக்கும் முயற்சி பாதி நேரத்தில் தொடங்கும். சும்மா இருந்த பிறகு அறுகிறதென்றால், ரவுட்டர் இணைப்பை மறந்திருக்கலாம். சும்மா இருக்கும் இணைப்பைத் தட்டிப் பார்க்கும் லினக்ஸின் டிசிபி கீப்அலைவ், போட்டுவிட்டாலும், மாற்றாவிட்டால் 2 மணி நேரம் கழித்துத்தான் முதல் முறை தட்டும்.

கேபிள், அடாப்டர், ஃபர்ம்வேர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரண்டு நாள் விழாமல் ஓடும், எது சரிசெய்தது என்றே தெரியாது, மூன்றாம் நாள் மறுபடி விழும்.

பீன்யா பெட்டிக்கு வருகிறேன். மல்டிமீட்டர் 24 வோல்ட் என்று அசையாமல் காட்டியது. அதை நம்பியதில் எனக்கு ஒரு வாரம் போனது. வினாடிக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே அளக்கும் கருவிக்கு, மைக்ரோ வினாடியில் வந்துபோகும் அடி எப்படித் தெரியும்? அப்புறம் தம்பியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, விழும் நேரத்தை எழுதச் சொன்னேன். நான்காம் நாள் அவரே கண்டுபிடித்தார்: "அண்ணே, கம்ப்ரஸர் நிக்கும்போதுதான் போகுது. எல்லாத் தடவையும் இல்ல."

ஆசிலோஸ்கோப்பை பெட்டிக்குள் இருக்கும் 3.3 வோல்ட் லைனில் வைத்து, சிங்கிள் ட்ரிகரில் (ஒரு அடி வந்ததும் அதைப் பிடித்துத் திரையில் நிறுத்தும் முறை) காத்திருந்தோம். கம்ப்ரஸரின் கான்டாக்டர் (மோட்டாரை ஆன் ஆஃப் செய்யும் பெரிய சுவிட்ச்) 'டக்' என்று விட்டது. திரையில் ஊசிமாதிரி ஒரு குத்து. ஐந்தாறு முறைக்குப் பிறகு ஒரு 'டக்'கில் ஈதர்நெட் விளக்கு அணைந்தது, திரும்ப எரியவே இல்லை. கான்டாக்டர் காயிலும் எங்கள் பெட்டியும் ஒரே 24 வோல்ட் சப்ளையில்; காயில் அணையும்போது எழும் அடியை அடக்க, அதன் குறுக்கே டயோடு இல்லை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் 1என்4007 டயோடு ஒன்றை, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் வருமாறு மாட்டினோம். அன்றைக்குக் கம்ப்ரஸரை நாற்பது முறை நிறுத்திப் பார்த்தோம், விளக்கு அணையவில்லை.