இரண்டாவது திரைக்கு முன் பெட்டியின் முதுகைப் பாருங்கள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது என் தொழில். ஒரு திரையில் பத்திரிகை, இன்னொன்றில் மாப்பிள்ளை வீட்டார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பெயர்ப் பட்டியல். இரண்டும் சேர்ந்தாற்போல் கண்ணில் படாவிட்டால் சண்முகம் சண்முகன் ஆகிவிடுவார்; அப்புறம் 500 அட்டையும் குப்பைக்குத்தான்.

இரண்டாவது திரை வேண்டும் என்றதும் திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு வாங்கக் கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவுக்கு ஓடாதீர்கள். கணினிப் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். யுஎஸ்பி துளைகளோடு சேர்ந்திருப்பவை மதர்போர்டு என்ற தாய்ப்பலகையுடையவை. அதற்குக் கீழே தனியாகப் படுக்கைவாட்டில் வரிசை இருந்தால் அது கிராபிக்ஸ் கார்டு.

கார்டு இல்லையா? கவலை வேண்டாம். இன்டெல் சிப்கள் பெரும்பாலானவற்றில் கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு (மாடல் எண் ‘எஃப்’ என்று முடிந்தால் கிடையாது). மதர்போர்டில் எச்டிஎம்ஐ, டிஸ்பிளேபோர்ட் என்ற திரைத் துளைகள் இரண்டும் இருந்தால் திரைக்கு ஒன்றாக மாட்டுங்கள். எழுத்து, கணக்கு, வடிவமைப்பு வேலைக்கு இது தாராளம்.

கார்டு இருந்தால் இரண்டு திரையையும் அதிலேயே மாட்டுங்கள். நான் ஒன்றைக் கார்டிலும் மற்றதை மதர்போர்டிலும் மாட்டிவிட்டு, கறுப்புத் திரையை அரை நாள் முறைத்துக்கொண்டிருந்தேன். கார்டு செருகியதும் பல மதர்போர்டுகள் தம் சொந்த கிராபிக்ஸை அணைத்துவிடும். வேண்டுமானால் கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் போய் மறுபடி இயக்க வேண்டும்.

“ரெண்டு திரைக்கு ரெண்டு கார்டா அக்கா?” என்று கேட்கிறார்கள். இல்லை தம்பி. எஸ்எல்ஐ என்பது இரண்டு கார்டு சேர்ந்து விளையாட்டை வேகமாக வரைவதற்கு இருந்த பழைய முறை. அந்தக் கதையே வேறு.

இனித் துளைகள். விஜிஏ பழைய அனலாக். எழுத்து கொஞ்சம் மங்கும். நம் எழுத்தில் புள்ளி மங்கினால் ‘க்’ எது, ‘க’ எது? முடிந்தவரை தவிருங்கள். 4கே திரை என்றால் எச்டிஎம்ஐ 1.4-இல் நொடிக்கு 30 படம்தான் வரும், மவுஸ் அம்பு தட்டித் தட்டி நகரும். 60 வேண்டுமானால் கார்டு, கேபிள், திரை மூன்றும் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.2-க்காவது ஈடுகொடுக்க வேண்டும்.

ஒரு வகைத் துளையை இன்னொன்றோடு இணைக்கும் அடாப்டரில்தான் என் 35 வெள்ளி (ரிங்கிட்) போனது. கார்டில் எச்டிஎம்ஐ, திரையில் டிஸ்பிளேபோர்ட். கடைக்காரர் கொடுத்த குட்டி அடாப்டர் வேலை செய்யவில்லை. காரணம் எளிது: கார்டின் டிஸ்பிளேபோர்ட் துளை பெரும்பாலும் எச்டிஎம்ஐ சமிக்ஞையையும் தரும், அதனால் அந்தத் திசைக்கு மலிவு அடாப்டர் போதும். எச்டிஎம்ஐக்கு டிஸ்பிளேபோர்ட் மொழி தெரியாது. எதிர்த்திசைக்குத் தனி மின்சாரம் வாங்கும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும். வாங்கும்போது திசையைச் சொல்லிக் கேளுங்கள். ஸ்பிளிட்டரைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். அது ஒரே படத்தை இரண்டு திரையிலும் காட்டும், அவ்வளவுதான்.

மடிக்கணினியில் துளை போதவில்லையா? டிஸ்பிளேலிங்க் யுஎஸ்பி அடாப்டர் உண்டு. படத்தைச் சுருக்கி அனுப்பும் வேலை கணினியின் முதன்மைச் சிப்பான சிபியுவின் தலையில் விழும், டிரைவரும் நிறுவ வேண்டும். பட்டியல் பார்க்கச் சரி, விளையாட்டுக்கு ஆகாது. திரையிலேயே டிஸ்பிளேபோர்ட் வெளித்துளை இருந்தால், ஒரே துளையில் பல திரைகளுக்குப் படம் அனுப்பும் எம்எஸ்டி முறையில் முதல் திரையிலிருந்து இரண்டாவதற்குக் கேபிள் இழுக்கலாம். மேக்கில் மட்டும் அப்படிச் செய்தால் இரண்டிலும் ஒரே படம்தான் வரும்.

மாட்டியாயிற்றா? விண்டோஸ் பொத்தானோடு ‘பி’ அழுத்தி, இரண்டு திரையையும் ஒரே நீண்ட திரையாக்கும் எக்ஸ்டெண்டைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டிஸ்பிளே செட்டிங்ஸில் 1, 2 என்ற பெட்டிகளை மேசையில் திரைகள் இருக்கும் வரிசைப்படி இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் வலது திரைக்குப் போக மவுஸை இடது பக்கம் தள்ளிக்கொண்டிருப்பீர்கள்.