மணியை மாதமாக்க 730 போதும்

பாம்பனில் விசைப்படகு வைத்திருக்கும் மச்சான் போனில் கேட்டார்: "மாப்ள, 250 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆயில் மாத்தணும்னு மெக்கானிக் சொல்றாரு. அது எத்தனை மாசம்?"

வருடத்துக்கு 365 நாள், அதாவது 8,760 மணி. அதை 12-ஆல் வகுத்தால் மாதத்துக்குச் சராசரியாக 730 மணி. எத்தனை மணி கொடுத்தாலும் 730-ஆல் வகுத்தால் மாதம் வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள், 1,464 மணி. வகுத்துப் பாருங்கள், இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் கூட. அமாவாசைக்கு அமாவாசை கணக்குப் பார்ப்பவர்களுக்கு 730 சரிவராது. அது ஏறக்குறைய 29½ நாள்தான், 708 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மச்சான் கேட்டதற்கு இந்தக் கணக்கு உதவாது! 250-ஐ 730-ஆல் வகுத்தால் பத்து நாள் சொச்சம்தான் வரும். எஞ்சின் ராப்பகலாக ஓடினால்தான் அது பொருந்தும். வாரம் மூன்று முறை கடலுக்குப் போய், ஒவ்வொரு முறையும் 20 மணி நேரம் ஓடினால் வாரத்துக்கு 60 மணி. 250 மணி ஆக நான்கு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். தடைக்காலத்தில் எஞ்சின் ஓடிய மணியைக் காட்டும் மீட்டர் நகரவே நகராது.

அப்புறம், வீட்டில் பெரியவர்கள் நாழிகை சொன்னால்: ஒரு நாழிகை 24 நிமிடம், இரண்டரை நாழிகை ஒரு மணி.