பழைய லிஸனர்களை உடைக்காமல் புதிய நிகழ்வு அறிவிப்பைச் சேர்க்கும் முறை

வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்படும் இரவுப் பேருந்துகளுக்கான இருக்கைப் பதிவுச் சட்டகம் (ஃப்ரேம்வொர்க்) ஒன்று ஜாவாவில் எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருக்கை பதிவாகும்போதும் ரத்தாகும்போதும் அது தன்னிடம் பதிந்துள்ள லிஸனர்களுக்கு, அதாவது நிகழ்வு நடந்ததும் அழைக்கப்படக் காத்திருக்கும் பொருள்களுக்கு, அறிவிக்கிறது. அந்த லிஸனர்களை எழுதியவர்களோ வெவ்வேறு பேருந்து உரிமையாளர்களின் ஆட்கள், அவர்களுடைய ஜார் கோப்புகள் (கம்பைல் செய்த நிரலின் பொதிகள்) நம் கையில் இல்லை. இனிப் பேருந்து தாமதமானாலும் அறிவிக்க வேண்டும்.

லிஸனர் எழுத வேண்டிய மெதட்டுகளைப் பட்டியலிடும் இடைமுகத்திலேயே (இன்டர்ஃபேஸ்) இன்னொரு மெதட்டைச் சேர்த்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். மீண்டும் கம்பைல் செய்பவருக்குப் பிழை உடனே தெரிந்துவிடும். பழைய ஜாரை அப்படியே வைத்திருப்பவருக்கோ எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்து, ஒரு பேருந்து முதன்முதலாகத் தாமதமாகும் இரவில்தான், அழைத்த மெதட் எழுதப்படவில்லை என்று சொல்லும் அப்ஸ்ட்ராக்ட்மெதட்எரர் எழும். அது எக்செப்ஷன் வகையைச் சேர்ந்ததல்ல என்பதால், எக்செப்ஷனை மட்டும் பிடிக்கும் காட்ச் பகுதியையும் தாண்டிப் போய்விடும்.

ஆகவே, சேர்க்க வேண்டியது பழைய நிகழ்வைப் பற்றிய கூடுதல் விவரமா, உண்மையிலேயே புதிய நிகழ்வா என்பதை முதலில் தீர்மானியுங்கள். கூடுதல் விவரம் என்றால் நிகழ்வுப் பொருளில் அந்த விவரத்தை எடுத்துத் தரும் ஒரு கெட்டர் மெதட்டைச் சேர்ப்பதே போதும். மெதட்டுக்கு இருக்கை எண், கட்டணம் என்று தனித்தனியாக அனுப்பாமல் ஒரே நிகழ்வுப் பொருளை அனுப்பியிருந்தால் மட்டுமே இந்த வசதி கிடைக்கும்.

புதிய நிகழ்வுக்குத் தனி இடைமுகமும் தனிப் பதிவு மெதட்டும் கொடுங்கள். 2002இல் வெளிவந்த ஜாவா 1.4இல் மவுஸ் சக்கரத்தைச் சேர்த்தவர்கள் மவுஸ்லிஸனரைத் தொடாமல் மவுஸ்வீல்லிஸனர் என்று வேறொன்றை அமைத்தது இந்த வழியில்தான். பழைய இடைமுகத்தை நீட்டிய ஒன்றை எழுதி, அறிவிக்கும்போது லிஸனர் அந்த வகையைச் சேர்ந்ததா என்று இன்ஸ்டன்ஸ்ஆஃப் கொண்டு சோதிப்பவர்களும் உண்டு. ஆனால் லிஸனரை யாராவது இன்னொரு பொருளுக்குள் பொதிந்து பதிந்திருந்தால் சோதனை தோற்று, அறிவிப்பு சத்தமின்றிக் காணாமற்போகும். எனக்கு அது பிடிப்பதில்லை.

2014இல் வந்த ஜாவா 8 முதல் இடைமுகத்துக்குள்ளேயே டிஃபால்ட் மெதட் எழுதலாம்; அந்த மெதட்டை எழுதாத பழைய லிஸனருக்கு இடைமுகத்தில் உள்ள உடலே ஓடும். அதன் உடலை வெறுமையாகவே விடுங்கள். பயனரின் வகுப்பில் அதே பெயரும் அதே அளவுருக்களும் கொண்ட மெதட் வேறொரு திரும்பு வகையுடன் ஏற்கெனவே இருந்தால், அவர் கம்பைல் செய்யும்போது அது முரண்படும். ஆகவே பெயரைச் சற்று நீளமாகவே வையுங்கள்.

இடைமுகம் மாறாவிட்டாலும் நடத்தை மாறினால் பழைய நிரல் உடையும். நேற்று வரை அழைத்தவரின் த்ரெட்டிலேயே (நிரல் ஓடும் இழை) வந்த அறிவிப்பை இன்று வேறு த்ரெட்டில் அனுப்பாதீர்கள். பதிந்த வரிசையில் அழைத்துவந்தால் அந்த வரிசையையும் மாற்றாதீர்கள். தாமதத்தை ரத்து நிகழ்வின் ஒரு வகையாகக் காட்டுவது இன்னும் மோசம், ஏனெனில் பழைய லிஸனர் பயணியின் பணத்தைத் திருப்பிவிடும்.

வெளியிடுமுன், முந்தைய பதிப்புக்கு எதிராகக் கம்பைல் செய்த ஒரு ஜாரைத் திரும்பக் கம்பைல் செய்யாமல் புதிய சட்டகத்துடன் ஓட்டி, தாமத நிகழ்வையும் அதில் எழுப்பிப் பாருங்கள். மூல நிரலை மட்டும் மீண்டும் கட்டிப் பார்க்கும் சோதனையில் மேலே சொன்ன எரர் ஒருபோதும் தென்படாது.