லத்தீன் பெயரடைக்கு இயைபு பார்க்காதீர்கள்

நல்ல பையன், நல்ல பெண், நல்ல ஊர்களுக்கு என்று எதோடு சேர்த்தாலும் தமிழில் 'நல்ல' அசையாது. லத்தீனில் அது பெயர்ச்சொல்லின் பால், எண், வேற்றுமை மூன்றையும் பார்த்து மாறும்: ஆண்பாலுக்கு பொனுஸ், பெண்பாலுக்கு பொனா, இரண்டுமில்லாத நடுப்பாலுக்கு பொனும். முதல் வாரத்திலேயே இதைப் படித்துவிடுகிறோம், ஆனால் எழுத உட்கார்ந்ததும் பாலை மறந்து ஈறுகள் ஒன்றுபோல ஒலிக்கிறதா என்று இயைபு பார்க்கத் தொடங்கிவிடுகிறோம், பாதித் தப்பு அங்கேதான் பிறக்கிறது.

அக்ரிகொலா என்றால் உழவன். 'ஆ'வில் முடிகிறதே என்று பொனா போட்டுவிடாதீர்கள், அது ஆண்பால், எனவே அக்ரிகொலா பொனுஸ்தான். கையைக் குறிக்கும் மனுஸ் நேர் எதிர்: 'உஸ்' என்று முடிந்தாலும் பெண்பால், ஆகவே மனுஸ் பொனா. மரப்பெயர்களும் பெரும்பாலும் இப்படித்தான் ஏமாற்றும். நம் புளியமரத்தின் அறிவியல் பெயரையே பாருங்கள், தமரிந்துஸ் இந்திகா, இந்திகுஸ் இல்லை. அரசமரமும் ஃபீகுஸ் ரெலிகியோசாதான். பள்ளியில் இதையெல்லாம் மனப்பாடம் செய்தபோது ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான்.

சரி, அடுத்தது ஃபொர்திஸ் (தைரியமான) வகை. இங்கே ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வடிவம் என்பதால் நிம்மதியாக இருக்கும், ஆனால் 'தைரியமான வீரனோடு' என்று எழுதும்போது கும் மீலிதே ஃபொர்தே என்று வந்துவிடும். பெயர்ச்சொல் 'எ'யில் முடிந்தாலும் இந்த வகைப் பெயரடை 'ஈ'யில் முடிய வேண்டும்: கும் மீலிதே ஃபொர்தீ. எல்லாவற்றுக்கும் 'ஈ' என்றும் இருந்துவிட முடியாது, பழைய என்னும் வெதுஸ் அதே இடத்தில் வெதெரெ என்றுதான் வரும். இதற்குக் குறுக்குவழி எனக்குத் தெரிந்து கிடையாது, உருப்போட வேண்டியதுதான்.

புல்கெர் (அழகான), மிசெர் (பரிதாபமான) இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். பெண்பாலில் முன்னது நடுவில் உள்ள 'எ'யை விழுங்கி புல்க்ரா ஆகிவிடும், பின்னது விடாமல் வைத்துக்கொண்டு மிசெரா ஆகும். அதனால் பெயரடையைத் தனியாகப் படிக்காமல் மூன்று பாலையும் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்.

அப்புறம் தோதுஸ் (முழு), சோலுஸ் (தனி) மாதிரி ஒன்பது சொற்கள் இருக்கின்றன. பொனுஸ் போலவே நடந்துகொண்டு வந்து ஆறாம் வேற்றுமை ஒருமையில் தோதீ ஆகாமல் தோதீயுஸ் என்று நிற்கும். ஒருமையில் அந்தத் தோதீ நான்காம் வேற்றுமைக்கு உரியது, மூன்று பாலுக்கும் அதே ஒன்றுதான்.