பயற்றுக்கு மருந்தடிக்கும் மாதத்தில் குளத்து மீனைக் காப்பது

பர்மாவில் யாங்கோன் வட்டாரத்துத் தொங்வா பக்கம் மழைக்கால நெல்லை அறுத்ததும், மிச்ச ஈரத்தில் பாசிப்பயறு விதைத்துவிடுவார்கள். மார்கழி, தை மாதங்களில் பூச்சி விழும், மருந்தடிப்பார்கள். என் ரோகு மீன் குளத்துக்கு மூன்று பக்கமும் பயற்றுக் கொல்லைதான். தை பிறந்தால் ஊருக்கு வழி பிறக்கலாம். எனக்கு வயிற்றில் புளி கரைகிறது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள், காலை பத்து மணி வெயிலில் விரல் நீளக் குஞ்சுகள் பக்கவாட்டில் சுழன்றன. பிராணவாயு குறைந்துவிட்டது என்று நினைத்து, வாய்க்கால் நீரைப் பம்பு வைத்து இறைத்தேன். விஷம் வந்ததே அந்த வாய்க்காலில்தான். மாலைக்குள் குஞ்சுகள் எல்லாம் மிதந்தன.

ஆகவே முதலில் அடையாளம். பிராணவாயுக் குறைவு விடியற்காலையில் வரும். பெரிய மீன்தான் முதலில் வாய் பிளக்கும். வெயில் ஏறினால் தெளியும். பூச்சிமருந்துக்கு நேரங்காலம் கிடையாது. பெரும்பாலும் குஞ்சு முதலில் சாகும், கூனி இறாலும் நீர்வண்டும் கூடவே சாகும். பிழைத்த மீன் இரை எடுக்காது, செவுளில் சளி கட்டும்.

பக்கத்துக் கொல்லைக்காரரை நான் அக்கோ என்று கூப்பிடுவேன், பர்மிய மொழியில் அண்ணன். எந்த நாள் அடிக்கிறார் என்று மட்டும் கேட்காமல் புட்டியையும் வாங்கிப் பாருங்கள். பெயர் 'த்ரின்' என்று முடிந்தால் (சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின்) மீனுக்கு எமன். நம் உடலும் மாட்டின் உடலும் அதை உடைத்துத் தள்ளிவிடும். மீனுக்கு அந்த வேகம் இல்லை. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் போதும். 'பாஸ்' என்று முடிபவை (குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ்) நரம்பின் நொதியைக் கட்டிப்போடும். தசை இழுத்துக்கொள்ளும், முதுகு வளையும்.

மருந்தடிக்கும் நாளிலும், அதற்குப் பின் வரும் முதல் மழையிலும் மடையைத் திறக்காதீர்கள். திறக்கும் முன் வாய்க்கால் நீரை ஒரு பானையில் மொண்டு, பத்துக் குஞ்சும் நாலு கூனி இறாலும் விட்டு ஒரு நாள் பாருங்கள். மீனைவிட இறால் சீக்கிரம் சொல்லிவிடும். ஆய்வுக்கூடம் தேடி யாங்கோனுக்கு ஓடுவதைவிட இந்தப் பானை எனக்குப் போதும்.

இனி தீவனம். தாக்குப்பிடிக்கிற அளவு குறைந்த விஷமும் ஈரலிலும் செவுளிலும் திசுக்களை அரிக்கிறது. எகிப்திலும் இந்தியாவிலும் திலேப்பியா, கெண்டை மீன்களுக்கு முருங்கை இலை, மஞ்சள், பூண்டு கலந்து கொடுத்துப் பார்த்தவர்கள் அந்தச் சேதம் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் இது கவசம், முறிவு மருந்தல்ல. மிதக்கும் மீனை எந்த இலையும் எழுப்பாது. மருந்தடிப்புக்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பித்துவிட வேண்டும்.

கலவைக் கணக்கை எங்கள் வீசையில் சொல்கிறேன். பர்மா வீசை 1.63 கிலோ, 100 டிக்கல் ஒரு வீசை என்பதால் கணக்கு விழுக்காடாகவே விழும். (ஆங்கிலத்தில் இதை 'விஸ்' என்பது நம் வீசையிலிருந்து போனது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.) ஒரு வீசைத் தவிடு-கடலைப் பிண்ணாக்குக் கலவைக்கு முருங்கைப் பொடி 5 டிக்கல், மஞ்சள் அரை டிக்கல், நசுக்கிய பூண்டு 1 டிக்கல். முருங்கை இலையை ஓர் இரவு ஊறவைத்து நீரை வடித்து, நிழலில் உலர்த்தி இடியுங்கள்; மீனுக்கு ஆகாத, நுரைக்கும் சபோனின் என்ற பொருள் குறையும். நல்லதுதானே என்று முருங்கையை அள்ளிப் போட்டால் வளர்ச்சி குறையும். ஆறிய அரிசிக் கஞ்சி விட்டுப் பிசைந்து உருண்டை பிடித்து, நிழலில் காயவைத்துப் போடுங்கள்.

பிண்ணாக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன். மழையில் நனைந்த மூட்டையில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சண நஞ்சு ஊறும். அதுவும் நேரே ஈரலைத்தான் தாக்கும். ஒரு கையால் மஞ்சள், மறுகையால் நஞ்சு என்றாகிவிடும். சிக்கு நாற்றமடிக்கும் தவிடும் அப்படித்தான். மூட்டையைத் தரையில் வைக்காமல் பரண் மேல் வைத்து, பத்து நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறேன்.

வேப்பிலையைக் குளத்தில் கொட்டாதீர்கள். நமக்கு அது மாரியம்மன் மருந்து; சாறு கூடினால் மீனுக்கு நஞ்சு.

இவ்வளவுக்கும் மீறி விஷம் வந்துவிட்டால் இரையை இரண்டு நாள் நிறுத்துங்கள். ஆழ்கிணற்று நீரை உயரத்திலிருந்து விழவிட்டு, குளத்து நீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். செத்த மீனை விற்கவோ கருவாடு போடவோ வேண்டாம். குளத்துக்கு எட்டப் புதையுங்கள். பிழைத்தவற்றையும் அந்த மாதம் பிடிப்பதில்லை. மூன்றாம் நாள் பாதி அளவு தீவனத்தைத் துளையிட்ட பையில் தொங்கவிட்டு, மாலையில் பையைத் தூக்கிப் பார்ப்பேன். காலியாக இருந்தால் மறுநாள் ஒரு கை கூட்டுவேன்.