இரவில் போன் எங்கே இருக்கிறது?

பரிசுத்தமாக வாழ ஆசைப்படும் தம்பி, தங்கைகளே, இச்சைக்கு இழுக்கும் சோதனை வந்த பிறகு அதோடு வாதாடாதீர்கள், முன்கூட்டியே முடிவெடுத்துவிடுங்கள். வேதாகமத்தில் ஆதியாகமம் 39-இல், யோசேப்பின் எஜமானான போத்திபாரின் மனைவி அவனைத் தன்னோடு சயனிக்கச் சொல்லி வஸ்திரத்தைப் பிடித்ததும், யோசேப்பு அதை அவள் கையிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டான். நின்று யோசிக்கவில்லை. இரவில் தனியாக இருக்கும்போது போன் வழியாகவும் அப்படிப்பட்ட சோதனை வரலாம், அதனால் நீங்களும் தூங்கும் அறைக்குள் போனைக் கொண்டுபோகாதீர்கள். ஹாலில் சார்ஜ் போட்டுவிடுங்கள். எழுந்திருக்க அலாரம் கடிகாரம் போதும். காலையில் போனைத் தொடுவதற்கு முன் சங்கீதம் 119-இல் ஒரு பகுதி, எட்டே வசனங்கள்தான், வாசித்து ஜெபியுங்கள். வாலிபன் தன் வழியை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வான் என்று அதன் 9-ஆம் வசனமே கேட்கிறது. சரி, தவறிவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காமல் அப்போதே ஆண்டவரிடம் அறிக்கையிடுங்கள். அப்புறம், நீங்கள் நம்பும் மூத்த விசுவாசி ஒருவரிடம் மனம்விட்டுச் சொல்லி, வாராவாரம் உங்களை விசாரிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.