துணைக்குப் போகும் தொண்டர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர் சிங்களத்தில் கேட்கிறார்: "வீட்டில் எத்தனை பேர்?" துணைக்குப் போன தொண்டர் உடனே "நாலு பேர்" என்கிறார். விண்ணப்பிக்க வந்து பக்கத்தில் இருக்கும் அம்மா வாயே திறக்கவில்லை. மகன் போன மாதம் தனிக்குடித்தனம் போனது தொண்டருக்குத் தெரியாது. அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவுக்கான படிவத்தில் நாலு என்று பதிந்துவிட்டால், பிறகு வீட்டுக்கு வந்து பார்ப்பவர் மூன்று பேரைத்தான் காண்பார். பொய் சொன்னார் என்ற பழி அந்த அம்மாவின் தலையில் விழும்.

கொழும்பில் தமிழ்த் தொண்டர்களை அதிகம் கூப்பிடுவதே மொழிக்காகத்தான். அதனால் இந்தத் தவறும் இங்கே அதிகம். கேள்வியை முழுதாகத் தமிழில் சொல்லுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள், அவர் சொன்னதை "நான்" என்றே அவர் வாயால் வருவதுபோல் திருப்பிச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் பேசியதை ஒரு வரியாகச் சுருக்க வேண்டாம். சுருக்கும்போது விழுந்துபோவது பெரும்பாலும் முக்கியமான தகவலாக இருக்கும். உத்தியோகத்தர் உங்களைப் பார்த்தே பேசினால், கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள். அவர் பார்வை தானாக உரியவரிடம் போகும். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க விடவே கூடாது. தாயின் நோயையும் கடனையும் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது கொடுமை. தமிழ்ப் படிவம் கேட்பதை உதவியாக நினைத்துத் தயங்கவும் வேண்டாம். அரச அலுவலகத்தில் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை தருகிறது.

அடுத்தது பெயர்ச் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் செல்லம்மா, அடையாள அட்டையில் செல்லம்மாள், வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தே வேறு. மலையகத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களிடம் இது சர்வசாதாரணம். கவுண்டருக்குப் போன பிறகு இதைக் கண்டுபிடித்தால் அன்றைய நாட்கூலி போச்சு. முதல் நாளே மூன்று பத்திரங்களையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி எடுக்க ஓடுவதற்கு முன், அந்த அலுவலகம் அதை ஏற்குமா, சான்றிதழையே திருத்தச் சொல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிராம உத்தியோகத்தரும் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார். நாள் விசாரித்துவிட்டுப் போங்கள்.

மூலப் பத்திரங்களை "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று வாங்கி வைக்காதீர்கள். அடையாள அட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடாது; தேவைக்கு எடுத்த படத்தை வேலை முடிந்ததும் அவர் கண்முன்னே அழியுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வாங்க வேண்டாம். நிரப்பி, வாசித்துக் காட்டி, பிறகுதான்.

"கட்டாயம் கிடைக்கும், அம்மா" என்ற வாக்கு உதவியே அல்ல. முடிவெடுப்பவர் நீங்கள் இல்லை. "இன்றைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டோம், கிடைக்காவிட்டால் மேன்முறையீடு செய்யலாம்" என்பதே உண்மை. கொடுத்த திகதியையும் வாங்கியவரின் பெயரையும் விண்ணப்பித்தவருடைய கொப்பியில் எழுதுங்கள், உங்களுடையதில் மட்டும் அல்ல.

கைக்காசு கொடுப்பதைத் தவிருங்கள். அவசரமென்றால் உங்களைத் தொண்டுக்கு அனுப்பும் நிலையத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் வழியாகப் போகட்டும். உலர் உணவுப் பொதி கொடுக்கும்போது முகத்தைப் படம் எடுத்து முகநூலில் போடுவதை அடியோடு நிறுத்துங்கள். தொடர்மாடியில் பக்கத்து வீட்டாரும் அதைப் பார்ப்பார்கள்.

மிக ஆபத்தான தவறு, அடிவாங்கும் பெண்ணின் வீட்டில் சமாதானம் பேசப் போவது. "குடும்பம் உடையக்கூடாது" என்ற நல்லெண்ணம் கணவருக்கு ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும்: இவள் வெளியே பேசிவிட்டாள். நீங்கள் போன பிறகு அந்த வீட்டுக் கதவு மூடப்படும். அந்தப் பெண்ணின் தொலைபேசி அவர் கையிலேயே இருக்கும் என்று நினைக்காதீர்கள். குறுஞ்செய்தி அனுப்பாமல், அவர் சொன்ன நேரத்தில் மட்டும் அழையுங்கள். பெண்கள் உதவிக்கு 1938, சிறுவர்களுக்கு 1929, மனநல உதவிக்கு 1926. இலக்கங்களைத் தாளில் எழுதிக் கொடுப்பதைவிட மனப்பாடம் செய்ய வைப்பது பாதுகாப்பு. பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள், அன்றைக்கே நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

தொண்டுப் பணியை விடுவதாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லி, அடுத்து வருபவரை நேரில் அறிமுகம் செய்துவிட்டுப் போங்கள்.